திங்கட்கிழமை நாற்றம்

கோவை கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறை. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ஷட்டரைத் தூக்கினார்கள். உள்ளே அடைபட்டிருந்த வெக்கையோடு சேர்ந்து அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. சனிக்கிழமை இரவு மிஷினை நிறுத்திவிட்டுப் போனவர்கள் இப்போதுதான் வருகிறார்கள். ஒன்றரை நாளாக, வெட்டும் முனையைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் தொட்டியில் அசையாமல் கிடந்திருக்கிறது. ஹெல்பர் தம்பி மோட்டாரைப் போட்டார். வயது இருபதைத் தாண்டியிருக்காது. பைப்பிலிருந்து சாம்பல் பூத்த பால் மாதிரி கூலன்ட் கொட்டத் தொடங்கியது. "அஞ்சு நிமிசம் ஓடுச்சுன்னா வாசம் போயிருமுங்ணா. ஒரு டீயக் குடிச்சுட்டு வந்தாத் தெரியாதுங்க" என்றார்.

"கையைக் கொஞ்சம் காட்டு தம்பி" என்றேன்.

விரல் இடுக்குகளில் தோல் ஊறி வெளுத்திருந்தது. மூட்டுகளின் மேல் கோடு கோடாக வெடிப்பு. ஒன்றிரண்டு வெடிப்பில் ரத்தம் காய்ந்து கறுத்துப்போயிருந்தது. புறங்கையில் சிவந்த தடிப்புகள். உள்ளங்கை மட்டும் ஏறக்குறைய நன்றாக இருந்தது. "சோப்பு சேரலைங்க" என்றார். காலையில் அடித்த நாற்றமும் இந்தக் கையும் ஒரே தொட்டியிலிருந்து வந்தவை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

உலோகத்தைக் கடையும்போது டூல் செய்கிற வேலை ஏறக்குறைய முழுவதும் சூடாகத்தான் முடிகிறது. எஃகைச் சீவும்போது, சில்லு டூல்மேல் உரசிக்கொண்டு போகும் அந்தச் சின்ன இடத்தில் 600, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் டூல் முனை மழுங்கும், கடையப்படும் ஜாப் விரிந்து அளவு தப்பும். 1880களில் அமெரிக்காவின் மிட்வேல் எஃகு ஆலையில் பிரெடரிக் டெய்லர் என்ற பொறியாளர் வெட்டும் இடத்தில் தாராளமாகத் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தார். மிஷினைச் சுமார் 40 சதவீதம் வேகமாக ஓட்ட முடிந்தது. தண்ணீரால் துரு பிடிக்குமே என்று அதில் சோடா உப்பைக் கரைத்தார். இன்றைக்கு நம் பட்டறைகளில் ஓடும் கூலன்ட்டுக்கு அந்தச் சோடாத் தண்ணீர்தான் மூதாதை.

தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், ஆனால் வழுக்காது. எண்ணெய் வழுக்கும், சூட்டை அவ்வளவாக வாங்காது. இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு தரகர் வேண்டும். சோப்புக்கு நெருங்கிய உறவான பால்மமாக்கிகள்தான் அந்தத் தரகர்கள். ஒரு தலை தண்ணீரையும் மறு தலை எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகள் அவை. அவற்றின் உதவியால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைந்து தண்ணீரில் மிதக்கிறது. பால் வெள்ளையாக இருப்பதற்கு என்ன காரணமோ அதே காரணத்தால் கூலன்ட்டும் வெள்ளையாக இருக்கிறது. நூறு லிட்டரில் ஐந்திலிருந்து பத்து லிட்டர்தான் ஆயில், மீதி தண்ணீர். கேனில் வரும் ஆயிலிலேயே துருத்தடுப்பான், நுரையடக்கி, கடும் அழுத்தத்தைத் தாங்கும் கந்தக, குளோரின் சேர்மங்கள், காரத்தன்மையை 9 பிஎச் அருகில் நிறுத்திவைக்கும் எத்தனாலமீன்கள், கிருமிக்கொல்லி எல்லாம் கலந்திருக்கும்.

கேனின் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டு கேனுக்குள் இருப்பதைப் பற்றித்தான் பேசும். இரண்டு மாதம் ஓடிய தொட்டியில் இருப்பது வேறு திரவம். மிஷினிலிருந்து கசிந்த ஸ்லைட்வே ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் அதில் சேர்ந்திருக்கும். அரைபட்ட உலோகப் பொடி சேர்ந்திருக்கும். கார்பைடு டூல் தீட்டுகிற இடமென்றால் கோபால்ட் கரைந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் உயிர் இருக்கும்.

நுண்ணுயிருக்கு இதைவிடச் சொகுசான இடம் கிடைக்காது. தின்ன எண்ணெய், நைட்ரஜனுக்கு அமீன், குடியிருக்கத் தண்ணீர், மிஷின் தருகிற வெதுவெதுப்பு, பம்ப் கலக்கித் தருகிற காற்று. பராமரிப்பு இல்லாத தொட்டியில் ஒரு மில்லிலிட்டரில் ஒரு கோடி பாக்டீரியாவைத் தாண்டுவது அபூர்வமல்ல. மிஷின் ஓடும்வரை ஆக்சிஜனைச் சுவாசிக்கும் இனங்கள் ஆட்சி செய்கின்றன. சனிக்கிழமை இரவு பம்ப் நின்றதும் கதை மாறுகிறது. கசிந்த ஆயில் மேலே மிதந்து மூடிபோலப் படிகிறது, காற்று உள்ளே இறங்குவதில்லை. தண்ணீரில் இருந்த ஆக்சிஜனை அந்த இனங்கள் தீர்த்துவிடுகின்றன. அடுத்து, அடியிலுள்ள வண்டலில் காத்திருந்த, ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியாக்கள் எழுந்துகொள்கின்றன. அவை சல்பேட்டைப் பயன்படுத்திச் சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. திங்கட்கிழமை காலையில் வரும் அழுகிய முட்டை நாற்றம் அந்த வாயுதான்.

மோட்டாரைப் போட்டதும் நாற்றம் குறைவது உண்மை. காற்றுக் கலந்ததும் அந்தப் பாக்டீரியாக்கள் அடங்கிவிடுகின்றன, அவ்வளவுதான். தொட்டி சுத்தமாகிவிடவில்லை. பெரிய ஆலைகளில் தரைக்கடியில் ஆழமாகக் கட்டிய பொதுத் தொட்டிகளில் இதே வாயு தேங்கினால் ஆளைக் கொல்லும். செறிவு கூடும்போது அது முதலில் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். ஆகவே நாற்றம் வரவில்லை என்று நம்பி, காற்றைச் சோதிக்காமல் அப்படிப்பட்ட தொட்டியில் யாரையும் இறக்கிவிடக் கூடாது.

நாற்றம் வந்தால் கிருமிக்கொல்லியை ஒரு டப்பா ஊற்றிவிடுவது பல இடங்களில் வழக்கம். எனக்கு இது மிகவும் கவலை தரும் வழக்கம். கிருமிக்கொல்லிகளில் பல, மெல்ல மெல்ல ஃபார்மால்டிஹைடை வெளியிடுபவை. சில ஐசோதயசோலினோன் வகையைச் சேர்ந்தவை. இரண்டுமே தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவதில் பேர்போனவை. அதோடு, பாக்டீரியா செத்தாலும் அதன் உடல் தொட்டியிலேயே கிடக்கிறது. சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. செல் உடையும்போது அது வெளிப்பட்டுக் கூலன்ட்டோடு கலந்து, பிறகு காற்றிலும் ஏறுகிறது. இன்னும் ஒரு வம்பு உண்டு. மெழுகுபோன்ற சுவர் கொண்ட மைக்கோபாக்டீரியாக்கள் இந்த மருந்துகளுக்கு எளிதில் சாவதில்லை. போட்டிக்கு இருந்தவை செத்ததும் தொட்டி முழுக்க அவற்றின் வசமாகிறது.

அந்தத் தம்பியின் கைக்குத் திரும்புவோம். நம் தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்த செல்கள் செங்கற்கள், அவற்றுக்கிடையே பூசிய கொழுப்புதான் சாந்து. இந்தச் சுவர் இலேசான அமிலத் தன்மையில், 5 பிஎச் அருகில் நலமாக இருக்கும். அதை 9 பிஎச் திரவத்தில் நாள் முழுக்க நனைக்கிறோம். எண்ணெயைத் தண்ணீரில் கரைப்பதற்கென்றே சேர்த்த பால்மமாக்கி, தோலின் கொழுப்பையும் அதே வேலையாகக் கரைத்தெடுக்கிறது. சாந்து போன சுவரில், கூலன்ட்டில் மிதக்கும் ஊசிபோன்ற சில்லுகள் கீறுகின்றன. உள்ளங்கையில் தோல் தடிமன், அதனால் தாங்குகிறது. விரல் இடுக்கும் புறங்கையும் மெல்லிய தோல், அவைதான் முதலில் விழும். சோப்பு சேராமல் வந்த புண் என்றால் உள்ளங்கையை மட்டும் விட்டுவைப்பானேன் என்று நானும் முதலில் யோசித்தேன். உண்மையில் சோப்பும் கூலன்ட்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒன்று ஒரு நிமிடம் செய்கிறது, மற்றது எட்டு மணி நேரம் செய்கிறது.

இது எரிச்சலால் வரும் தோல் அழற்சி. கையைக் காப்பாற்றினால் ஆறிவிடும். இன்னொன்று ஒவ்வாமையால் வருவது. சுவர் உடைந்த கை வழியே கிருமிக்கொல்லியோ கோபால்ட், நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களோ உள்ளே போனால், உடலின் தற்காப்பு அமைப்பு அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளும். ஒருமுறை பதிந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் அழியாது. அதன்பின் துளி பட்டாலும் கை பொரியும். அனுபவமுள்ள ஆப்பரேட்டர்கள் நாற்பது வயதில் தொழிலை விட்டுவிட்டு வேறு வேலை தேடுவதற்கு இது ஒரு காரணம். இந்தக் கையோடு சாயங்காலம் மண்ணெண்ணெயிலோ தின்னரிலோ கழுவுகிறவர்களைப் பார்க்கிறேன். மீதியிருக்கும் சாந்தையும் அது சுரண்டிவிடுகிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

கை கண்ணுக்குத் தெரிகிறது, நுரையீரல் தெரிவதில்லை. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் ஸ்பிண்டிலின் மேல் பாயும் கூலன்ட் சிதறி நுண்துளிகளாகிறது. சூடான முனையில் ஆவியான பங்கு குளிர்ந்து இன்னும் நுண்ணிய துளிகளாகிறது. கணினியில் ஓடும் சிஎன்சி மிஷினின் கதவைத் திறந்ததும் வெள்ளையாக ஒரு புகை வருமே, அது இதுதான். பத்து மைக்ரானுக்குக் குறைந்த துளிகள் மூக்கைத் தாண்டி மார்புக்குள் இறங்கும், அதனினும் சிறியவை நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போகும். தொட்டியில் என்னவெல்லாம் இருந்ததோ அத்தனையும் கூடவே போகும். கிருமிக்கொல்லி, அமீன், உலோகம், எண்டோடாக்சின், செத்த பாக்டீரியாவின் துணுக்குகள் எல்லாமே. சிலருக்கு இதனால் ஆஸ்துமா வருகிறது.

2003, 2004-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், லாங்பிரிட்ஜ் கார் எஞ்சின் ஆலையில் தொழிலாளர்கள் ஒருவர்பின் ஒருவராக மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். விசாரித்து முடிக்கும்போது எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு, அதாவது ஏறக்குறைய பத்தில் ஒரு தொழிலாளிக்கு, தொழில்சார்ந்த நுரையீரல் நோய் உறுதியானது. பெரும்பாலோருக்கு ஆஸ்துமா. சிலருக்கு அதைவிடக் கொடிய ஒவ்வாமை நுரையீரல் அழற்சி. அமெரிக்க கார் ஆலைகளில் 1990களிலேயே இதே நோய் கொத்துக்கொத்தாக வந்திருந்தது. அங்கே தொட்டிகளிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியாவுக்கு 2001-ல் மைக்கோபாக்டீரியம் இம்யூனோஜீனம் என்று பெயர் வைத்தார்கள். காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவு. இது காசநோயை உண்டாக்குவதில்லை. இதன் துணுக்குகளை மாதக்கணக்கில் சுவாசித்த உடல், தன் காற்றுப்பைகளிலேயே போர் தொடுத்துவிடுகிறது. தழும்பு விழுந்துவிட்டால் திரும்பச் சீராகாது. தொட்டியின் மற்றப் பாக்டீரியாக்களைவிட இது மெதுவாக வளர்வதால், வழக்கமான கூலன்ட் சோதனைப் பட்டைகளில் அது எளிதில் தெரியாது. தொட்டி சுத்தம் என்று பட்டை காட்டும், ஆள் இருமிக்கொண்டிருப்பார்.

இதன் அறிகுறிகளை நம் ஊரில் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்பதுதான் என் பயம். வேலைக்குப் போய் நான்கிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகு, குளிர்காய்ச்சல், உடல்வலி, வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குதல். மறுநாள் தணியும். வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை கொடுப்பார்கள், நீடித்தால் காசநோயா என்று சளியைச் சோதிப்பார்கள். ஒரே ஒரு துப்பு உண்டு: ஞாயிற்றுக்கிழமை தேவலை, தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்தால் முற்றிலும் நலம், திரும்பி வந்து ஷிப்டு ஏறிய அன்று இரவே மறுபடி காய்ச்சல்.

காற்றில் எவ்வளவு துளி இருக்கலாம்? நம் தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கனிம எண்ணெய்த் துளிகளுக்குக் கன மீட்டருக்கு 5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. எண்ணெயை மட்டும் நினைத்து வைத்த வரம்பு அது, தொட்டியில் வளர்ந்த உயிர்களை நினைத்தல்ல. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1998-ல் எல்லாச் சான்றுகளையும் திரட்டிப் பார்த்து, மார்புக்குள் இறங்கும் துளிகள் 0.4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. பத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

புற்றுநோய்க் கதை இதைவிடப் பழையது. லண்டனில் புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களுக்கு விரைப்பையில் புற்று வருவதை 1775-ல் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் எழுதினார். கரி அங்கே படிந்து தங்குவதே காரணம் என்றார். 1876-ல் எடின்பரோவின் மருத்துவர் ஜோசப் பெல் (ஷெர்லாக் ஹோம்ஸ் பாத்திரத்துக்கு முன்மாதிரியாக இருந்தவர்) அதே புற்றைப் பாரஃபின் எண்ணெய்த் தொழிலாளர்களிடம் கண்டார். பிறகு லங்காஷயர் நூற்பாலைகள். அங்கே மியூல் என்ற நூற்புப் பொறியின் குறுக்குக் கம்பிமேல் நாள் முழுக்கச் சாய்ந்து வேலை செய்தவர்களின் கால்சட்டை, தொடையிடுக்கில் எண்ணெயால் ஊறிக் கிடந்தது. ஆண்டுக்கணக்கில் அவர்கள் சாகச் சாக, 1953-ல்தான் அந்த எண்ணெயைக் கட்டுப்படுத்த பிரிட்டனில் விதி வந்தது. அதே புற்று பர்மிங்காமின் லேத் தொழிலாளர்களிடமும், பிரான்சின் ஆர்வ் பள்ளத்தாக்கில் சின்னச் சின்னத் திருகுகள் கடைபவர்களிடமும் தலைகாட்டியது.

குறைவாகச் சுத்திகரித்த கனிம எண்ணெய் மனிதருக்குப் புற்று தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நன்கு சுத்திகரித்த எண்ணெயை அப்படி வைக்கவில்லை. ஆகவே தரமான கேனை வாங்குவது வீண் செலவல்ல. பழைய எஞ்சின் ஆயிலைக் கட்டிங் ஆயிலாக ஊற்றும் சிக்கனம்தான் ஆபத்து, ஏனென்றால் எஞ்சினில் எரிந்து எரிந்து புற்று தரும் சேர்மங்கள் அதில் சேர்ந்திருக்கும். ஒரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கை துடைக்கும் வேஸ்ட் துணியைப் பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொள்வது. எண்ணெயில் ஊறிய துணி, அன்று லங்காஷயரில் எந்த இடத்தை நனைத்ததோ அதே இடத்தை நனைக்கிறது.

வேதியியலும் நம்மைத் திடுக்கிட வைத்ததுண்டு. துருவைத் தடுக்க நைட்ரைட்டையும் காரத்துக்கு எத்தனாலமீனையும் ஒரே கேனில் போட்டு விற்ற காலம் ஒன்று இருந்தது. இரண்டும் தனித்தனியே அவ்வளவு மோசமில்லை. சேர்ந்து கிடந்தால் விலங்குகளில் புற்று உண்டாக்கும் நைட்ரோசமீனாகின்றன. 1970களில் இது தெரியவந்தது, 1984-ல் அமெரிக்கா அப்படிப்பட்ட சில கலவைகளுக்குத் தடை போட்டது. நைட்ரைட் இல்லாத ஆயில்கள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள், எழுத்தில் கேளுங்கள்.

இத்தனைக்கும் சிறிய பட்டறைக்காரர் என்ன செய்ய முடியும் என்றால், நிறையவே முடியும். முதலில் செறிவு. கோடையில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஆயில் தங்கும். ஐந்து சதவீதம் பத்தாகிக் கையைப் புண்ணாக்கும். குறைகிறதே என்று வெறும் தண்ணீரையே விட்டுக்கொண்டிருந்தால் இரண்டு சதவீதமாகிப் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். ரிஃப்ராக்டோமீட்டர் என்று கைக்கடக்கமான ஒரு கருவி இருக்கிறது. கண்ணாடிமேல் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தைப் பார்த்தால் கோடு காட்டும். விலையும் அதிகமில்லை. கலக்கும்போது தண்ணீரில் ஆயிலை விட வேண்டும். ஆயிலில் தண்ணீரை விட்டால் திரிந்துபோகும். போர் தண்ணீரின் உப்பிலும் அது திரியும், உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காத அதே காரணம்தான். உப்பில்லாத சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் வருகிற இடத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

சனிக்கிழமை இரவு மேலே மிதக்கும் ஆயிலை வழித்தெடுத்துவிட்டு, மீன் தொட்டிக்குப் போடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்றைத் தொட்டிக்குள் ஓடவிட்டால் திங்கட்கிழமை நாற்றம் பெருமளவு குறைந்துவிடும். எச்சிலும் டீ மிச்சமும் வெற்றிலையும் தொட்டியில் விழக் கூடாது. கூலன்ட்டை மாற்றும்போது வண்டலைச் சுரண்டி, கழுவி, பைப்புக்குள்ளும் சுத்தம் செய்துவிட்டு ஊற்ற வேண்டும். பழையதில் கொஞ்சம் மிச்சம் வைத்துப் புதிதை ஊற்றுவது புதுப் பாலில் உறை மோர் விடுவதற்குச் சமம். வடித்தெடுத்ததைச் சாக்கடையில் விடாதீர்கள்.

சில்லுக்கு ஏர் அடிப்பதை விட்டுவிட்டு பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் முடிந்ததும் சிஎன்சி கதவைத் திறக்காமல் புகை அடங்கப் பொறுங்கள். துளி உறிஞ்சியைப் பொருத்த முடிந்தால் பொருத்துங்கள். ஃபேனைத் திருப்பிவைப்பது தன் பங்கைப் பக்கத்து மிஷின்காரருக்குக் கொடுப்பதுதான். சுற்றும் ஜாப் அருகே கையுறை போடக் கூடாது, கையோடு இழுத்துக்கொள்ளும். ஆயில் கலக்கும்போதும் தொட்டி கழுவும்போதும், மிஷின் நின்றிருக்கையில், நைட்ரைல் கையுறை போடலாம். வேலை முடிந்து மென்மையான சோப்பில் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாலே பல கைகள் தேறும்.

இவையெல்லாம் தொழில்நோய்கள் என்று சட்டம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் கனிம எண்ணெயால் வரும் தோல் புற்று, வேதிப்பொருளால் வரும் தோல் நோய், தொழில் ஆஸ்துமா ஆகியவை இருந்தன. பின்னர் வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அவற்றை வைத்திருக்கிறது. ஆனால் பத்துப் பேர்கூட இல்லாத பட்டறைக்கு இ.எஸ்.ஐ. பொதுவாகக் கட்டாயமில்லை, நான் பார்த்த பட்டறையில் மொத்தம் ஆறு பேர். இது பெரிய ஓட்டை, அடைக்கப்பட வேண்டிய ஓட்டை. இ.எஸ்.ஐ. இருக்கும் இடத்திலும் நோயாளி தன் வேலையைச் சொல்வதில்லை, மருத்துவருக்குக் கேட்க நேரமில்லை.

ஆகவே லேத்திலோ மில்லிங்கிலோ கிரைண்டிங்கிலோ வேலை செய்கிறவர்களுக்கும், அப்படி ஒருவர் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கை வெடிப்புக்கோ விடாத இருமலுக்கோ அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது, நோயைச் சொல்வதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள்: "நான் கூலன்ட்டில் வேலை செய்கிறேன். லீவு போட்டால் சரியாகிறதா இல்லையா என்று இத்தனை வாரமாகக் கவனித்திருக்கிறேன்." கேனில் இருக்கும் ஆயிலின் பெயரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.